மாலை நாலரை மணிப் பேச்சு: லெஸ்டர் நிகழ்வும் மருத்துவர்களின் மீள்நோக்குக் குறிப்புகளும்

நிகழ்வு

2011 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணிவாக்கில் இங்கிலாந்தின் லெஸ்டர் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் குழந்தைகளை முதலில் பார்க்கும் மதிப்பீட்டுப் பிரிவுக்கு ஜாக் என்ற ஆறு வயதுச் சிறுவன் வந்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்கல். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. இதயக் குறைபாட்டுக்கு முன்பே அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. எனலாப்ரில் மருந்து தினமும் எடுத்துக்கொண்டிருந்தான். குடும்ப மருத்துவர் பார்த்துவிட்டு நேராகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்.

அன்று டியூட்டியில் இருந்தவர் ஹடீசா பாவா-கார்பா. குழந்தை மருத்துவத்தில் ஆறாம் ஆண்டுப் பயிற்சியில் இருந்தவர். நம் ஊர்க் கணக்கில் சீனியர் ரெசிடென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்கு மேல் பேறுகால விடுப்பில் இருந்துவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். வார்டு, மதிப்பீட்டுப் பிரிவு, அவசரப் பிரிவிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் அவர் தலையில். பொறுப்பில் இருக்க வேண்டிய கன்சல்டன்ட், அதாவது மூத்த சிறப்பு மருத்துவர், தனக்கு அன்று டியூட்டி என்பதே தெரியாமல் வேறு ஊரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு மருத்துவமனையின் கணினி அமைப்பு பழுதாகி, ரத்தப் பரிசோதனை முடிவுகள் மணிக்கணக்கில் தாமதமாயின.

முதல் ரத்த வாயுப் பரிசோதனையிலேயே பி.எச். 7.08. ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் அளவு அது, இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லேக்டேட் 11-க்கு மேல். சாதாரணமாக 2 அளவில் இருக்க வேண்டியது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிப்போன குழந்தை என்று கணித்து, சிரை வழியே திரவம் ஏற்றினார்கள். நண்பகலில் எடுத்த அடுத்த பரிசோதனையில் பி.எச். 7.24-க்கு ஏறியிருந்தது. குழந்தை கொஞ்சம் தேறியதுபோல் தெரிந்தான். நண்பகலுக்குப் பிறகு மார்பு எக்ஸ்ரே தயாராகிவிட்டாலும், பாவா-கார்பா அதைப் பார்த்தபோது மூன்று மணி. நிமோனியா. ஆண்டிபயாட்டிக் எழுதினார், அது குழந்தைக்குக் கொடுக்கப்பட இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. மாலை நாலரைக்குக் கன்சல்டன்ட் வந்து சேர்ந்தார், நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நடந்தது. ஏழு மணிக்கு ஜாக்கை வார்டுக்கு மாற்றினார்கள். எட்டு மணியளவில் இதயம் நின்றது. இரவு 9.20-க்கு இறந்துவிட்டான். காரணம் செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் எல்லை மீறி எதிர்வினையாற்றி உறுப்புகள் செயலிழப்பது.

இதற்குப் பின் நடந்தது இங்கிலாந்து மருத்துவ உலகையே உலுக்கியது. 2015 நவம்பரில் பாவா-கார்பா, கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டார். இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. அன்று பணியில் இருந்த செவிலியர் ஒருவரும் தண்டிக்கப்பட்டார். மருத்துவர் தீர்ப்பாயம் 2017-ல் பாவா-கார்பாவை 12 மாதம் இடைநீக்கம் செய்தது. அது போதாதென்று, மருத்துவர்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் பொது மருத்துவக் குழுவே மேல்முறையீட்டுக்குப் போக, 2018 ஜனவரி 25-ல் உயர் நீதிமன்றம் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கச் சொன்னது. ஆகஸ்ட் 13-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து இடைநீக்கத்தை மீட்டது. பிறகு அவர் தொழிலுக்குத் திரும்பினார்.

வழக்கின் சட்டப் பக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இனப்பாகுபாடு, ஆள் பற்றாக்குறை, பெற்றோரின் துயரம், எல்லாமே அதில் உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்த நாளின் பேச்சுகளை மட்டும். யார் யாரிடம் என்ன சொன்னார், எதைச் சொல்லவில்லை, தான் செய்ததைத் தானே திரும்பிப் பார்த்துக் கற்கும் மீள்நோக்கு என்ற கருவி அதை எப்படிப் பிரித்துக் காட்டும், அந்தக் கருவி ஏன் அதே வழக்கால் முனை மழுங்கியது என்பவைதான் இந்த ஆய்வு.

நாலரை மணி

ஹேண்ட்ஓவரில் பாவா-கார்பா கன்சல்டன்ட்டிடம் பி.எச்., லேக்டேட் இரண்டு எண்களையும் சொன்னார். கன்சல்டன்ட் அவற்றைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் போய்க் குழந்தையைப் பார்க்கவில்லை. தனக்கு அது அழுத்திச் சொல்லப்படவில்லை என்பது அவர் தரப்பு. வந்து பாருங்கள் என்று இவர் கேட்கவும் இல்லை. ஆறரை மணிக்கு இருவரும் மறுபடி பேசினார்கள். அப்போதும் ஜாக்கைப் பற்றிக் கவலை எதுவும் எழுப்பப்படவில்லை.

அதாவது தகவல் வாயிலிருந்து காதுக்குப் போய், காதிலிருந்து காகிதத்துக்கும் போயிருக்கிறது. தகவல் பரிமாற்றம் என்ற அளவில் குறையே இல்லை. ஆனாலும் பேச்சு நடக்கவில்லை.

ஒரு எண்ணைச் செய்தியாகவும் சொல்லலாம், வேண்டுகோளாகவும் சொல்லலாம். "லேக்டேட் பதினொன்று இருந்தது" என்றால் செய்தி. "லேக்டேட் பதினொன்று இருந்தது, எனக்கு இது வெறும் வயிற்றுப்போக்காகத் தோன்றவில்லை, இப்போதே நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்றால் வேண்டுகோள். இந்த வித்தியாசத்துக்காகவே எஸ்-பார் என்ற நான்கு படி முறை இருக்கிறது: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்ததைக் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க நர்சிங் மாணவிகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். நடைமுறையில் முதல் இரண்டு படியும் எல்லோருக்கும் வரும். மூன்றாவது பாதிப் பேருக்கு வரும். நான்காவதில் வந்து குரல் இறங்கிவிடும். மேலே இருப்பவரிடம் "நீங்கள் வாருங்கள்" என்று சொல்ல எந்த ஊர் ஜூனியருக்கும் நா எழாது. நம் ஊரில் அது இன்னும் ஒரு சுற்று கூடுதல். "சார், ஒரு பேபி கொஞ்சம் டல்லா இருக்கு சார், காலைல விட இப்ப பரவால்ல சார்" என்று சொல்லி முடிக்கும்போது சீஃப் அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார். அந்த "பரவால்ல சார்" கேட்பவரை மட்டுமா, சொன்னவரையும் சேர்த்தே தூங்க வைத்துவிடும்.

கேட்டவர் பக்கமும் இதே அளவுக்குப் பார்க்கப்பட வேண்டியது. பி.எச். 7.08, லேக்டேட் 11 என்பவை தாமாகவே கத்தும் எண்கள். அவற்றை அழுத்திச் சொல்ல வேண்டிய தேவை எங்கே வந்தது? ஒரே ஒரு கேள்வி, "இதுக்கு என்ன காரணம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்க வாய்ப்புண்டு. மருத்துவக் கல்வியில் பேச்சுத்திறன் என்றாலே ஜூனியர் எப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் வகுப்பு எடுக்கிறோம். சீனியர் எப்படிக் கேட்க வேண்டும் என்று வகுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. என் கருத்தில் பெரிய ஓட்டை அங்கேதான்.

ஏன் குரல் இறங்கியது

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்ப்பதோடு நின்றுவிட்டால் அது சம்பவ அறிக்கை. மீள்நோக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. டொனால்ட் ஷான் 1983-ல் சொன்ன பிரிவு இதில் அடிப்படை: வேலை நடக்கும்போதே தன்னைக் கவனித்துத் திருத்திக்கொள்வது ஒன்று, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பழகப் பழகத்தான் முதலாவது கைகூடும் என்ற நம்பிக்கையில்தான் மருத்துவக் கல்வி முழுக்க இது பரவியது. 1988-ல் ஆக்ஸ்போர்டு பாலிடெக்னிக்கில் கிரஹாம் கிப்ஸ் வகுத்த ஆறு படிச் சுழற்சியைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது சரி எது தவறு, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன்.

இதில் இரண்டாவது படியைப் பல மருத்துவர்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள். உணர்ச்சிக்கும் செப்சிஸுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். லெஸ்டர் நாளை அந்தப் படியில் வைத்துப் பாருங்கள். காலையில் 7.08, நண்பகலில் 7.24. இப்படி ஒரு ஏற்றத்தைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் வருவது ஒரு பெருமூச்சு. அப்பாடா. பாவா-கார்பாவின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிலையில் அந்த நிம்மதி இயல்பானது. நாலரை மணிக்குச் சொல்லும்போது வார்த்தைகளைத் தணித்தது இந்த நிம்மதியாகவும் இருக்கலாம். நிம்மதி என்பது ஒரு கணிப்பு மாதிரி வேலை செய்யும். ஆனால் எந்தக் கேஸ் ஷீட்டிலும் எழுதப்படுவதில்லை. கிப்ஸின் இரண்டாம் படி கேட்பது கண்ணீரை அல்ல, இந்த மறைந்த கணிப்பைத்தான்: "அவன் தேறிவிட்டான் என்று நான் நம்ப ஆரம்பித்த நிமிடம் எது? அதற்குப் பிறகு நான் யாரிடம், எந்தத் தொனியில் பேசினேன்?"

இப்படிக் கேட்டால் ஏன் என்ற நான்காம் படிக்கு வழி திறக்கிறது. களைப்பு, நீண்ட விடுப்புக்குப் பின் தன்னம்பிக்கைக் குறைவு, தாமதமாக வந்த கன்சல்டன்ட்டைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கம், கணினி பழுதால் கையில் முழு ரத்த முடிவுகள் இல்லாதது, இவற்றில் எது எவ்வளவு என்று எடைபோடலாம். மருத்துவமனையின் சொந்த விசாரணையும் ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்டவில்லை.

எழுதாத மருந்து

எனலாப்ரில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். நீர் வற்றி, சுற்றோட்டம் தளர்ந்த குழந்தைக்கு அதைக் கொடுக்கக்கூடாது. பாவா-கார்பா அதை அறிந்தே மருந்துச் சீட்டில் எழுதாமல் விட்டார். ஆனால் ஏன் எழுதவில்லை என்பது தாய்க்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. மாலை மருந்து வேளை வந்தது, தாய் கொடுத்தார். தினமும் கொடுக்கும் மருந்து. மரணத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பது வாதத்துக்குரியது. அதற்குள் நாம் போக வேண்டாம்.

பேச்சு என்ற கோணத்தில் இது தூய்மையான எடுத்துக்காட்டு. சீட்டில் ஒரு வரி இல்லாதது மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஒரு செய்தி. தாய்க்கு அது செய்தியே அல்ல. "எழுதவில்லை" என்பதும் "கொடுக்காதீர்கள்" என்பதும் மருத்துவரின் மனதில் ஒன்றாகிவிடுகின்றன.

நம் அரசு மருத்துவமனை வார்டில் இது தினசரிக் காட்சி. படுக்கைக்கு அடியில் ஒரு மஞ்சப்பை. அதில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, போன வருடம் வேறு டாக்டர் எழுதிக்கொடுத்த ஏதோ ஒரு சிரப், நாட்டு மருந்துப் பொட்டலம். அட்மிஷன் போடும்போது ஹவுஸ் சர்ஜன், "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாங்களா?" என்று கேட்பார், "இல்லைங்க" என்று பதில் வரும், ஏனென்றால் தினமும் சாப்பிடுவது அவர்கள் கணக்கில் "வேற" இல்லை. "அம்மா, வீட்டுலேர்ந்து கொண்டாந்த மாத்திரை எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்க. இது மட்டும் இங்க இருக்குற வரைக்கும் வேண்டாம், பிரஷர் இன்னும் இறங்கிடும். இன்னிக்கு ராத்திரி எதைக் கொடுப்பீங்க, எதைக் கொடுக்க மாட்டீங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டால் ஒரு நிமிடம் ஆகும். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

மூன்றாவது பேச்சுப் பிழையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டு மணிக்கு இதயம் நின்றபோது ஓடிவந்த பாவா-கார்பா, இவன் உயிர்ப்பிப்பு முயற்சி வேண்டாம் என்று குறிக்கப்பட்ட வேறொரு குழந்தை என்று நினைத்து, முயற்சியை நிறுத்தச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் தவறு தெரிந்து மறுபடி தொடங்கினார்கள். அந்த இடைவெளி முடிவை மாற்றவில்லை என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது இதைத்தான். பெயர் சொல்லி உறுதிசெய்யாமல் எந்த உத்தரவும் இல்லை என்ற விதி இருந்தால் போதும்; இதற்கு ஆழ்ந்த மீள்நோக்கு தேவைப்படாது. எல்லாத் தவறையும் மனச்சோதனையாக மாற்றும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

குறிப்பேடு பயமுறுத்தத் தொடங்கியபோது

இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்கள் தங்கள் அனுபவங்களை இ-போர்ட்ஃபோலியோ என்ற இணையவழிப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். 2012-லிருந்து எல்லா மருத்துவர்களும், 2016 ஏப்ரலிலிருந்து செவிலியர்களும் உரிமத்தைத் தக்கவைக்க மீள்நோக்கைக் காட்ட வேண்டும். செவிலியர்கள் மூன்று ஆண்டுக்கு ஐந்து எழுத்துக் குறிப்புகள் எழுதி, சக செவிலியர் ஒருவருடன் உட்கார்ந்து பேசியும் ஆக வேண்டும்.

2018 ஜனவரித் தீர்ப்பு வந்ததும் ஒரு செய்தி காட்டுத்தீயாகப் பரவியது: பாவா-கார்பா நேர்மையாக எழுதிய குறிப்புகளே அவருக்கு எதிராகத் திருப்பப்பட்டன என்று. இ-போர்ட்ஃபோலியோ ஜூரியின் முன் சாட்சியமாக வைக்கப்படவில்லை என்று அவரைக் காத்த மருத்துவர் பாதுகாப்புச் சங்கம் விளக்கம் கொடுத்தது. யாரும் சமாதானமாகவில்லை. இனி ஒன்றும் எழுத மாட்டோம் என்றார்கள் ஜூனியர் மருத்துவர்கள். எழுதியவர்களும் நடந்து முடிந்த, நன்றாக முடிந்த, யாருக்கும் சேதமில்லாத விஷயங்களை எழுதினார்கள். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் ஊர் மருத்துவர்கள் எத்தனையோ பேர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் இந்தப் பயம் அதிகம், அதற்குக் காரணமும் உண்டு.

அரசு சர் நார்மன் வில்லியம்ஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2018 ஜூனில் வந்த அதன் அறிக்கை, பொது மருத்துவக் குழுவுக்கு மருத்துவரின் மீள்நோக்குக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இருக்கக்கூடாது என்றது. பொது மருத்துவக் குழுவும் தான் கேட்பதில்லை என்று உறுதி கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் மருத்துவக் கல்வி அமைப்புகளும் பொது மருத்துவக் குழுவும் சேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டன: நோயாளியின் அடையாளத்தை எழுதாதே, நடந்ததன் விவரத்தைச் சம்பவ அறிக்கையில் வை, குறிப்பில் கற்றதை மட்டும் எழுது. ஆனால் நீதிமன்றம் கேட்டால் குறிப்பைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கதவை யாரும் மூடவில்லை.

இங்கேதான் சிக்கல். இந்த வழிகாட்டுதலை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் எப்படிப்பட்ட குறிப்பு வரும்?

"ஒரு நோயாளியின் நிலை குறித்து மூத்த மருத்துவரிடம் தெரிவித்தேன். தகவல் பரிமாற்றத்தின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன். வருங்காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரிவிப்பேன்."

இதில் பொய் இல்லை, பயனும் இல்லை. அதே நிகழ்வை வாக்கியம் வாக்கியமாக எழுதினால்:

"நான் சொன்னது: எண்கள் இரண்டு, காலையைவிடத் தேவலை என்ற ஒரு சொல். நான் சொல்லாதது: எனக்குப் பயமாக இருக்கிறது, வந்து பாருங்கள். சொல்லாததற்குக் காரணம், அவர் அப்போதுதான் பயணம் முடிந்து வந்திருந்தார். நான் சமாளிக்கிறேன் என்று காட்ட விரும்பினேன். அடுத்த முறை எண்ணுக்கு முன்பே வேண்டுகோளை வைப்பேன்."

இரண்டையும் நானே இங்கே மாதிரிக்காக எழுதினேன். அந்த வழக்கின் ஆவணம் அல்ல. இரண்டாவதில் பேச்சைத் திருத்த உதவும் எல்லாம் இருக்கிறது. குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு வேண்டிய எல்லாமும் அதில் இருக்கிறது. பேச்சுத்திறன் வளர்வது சொன்ன வாக்கியம், சொல்லாத வாக்கியம் என்ற மட்டத்துக்கு இறங்கினால்தான். ஆபத்தும் அதே மட்டத்தில்தான். வழிகாட்டுதல் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. மேலே துணி போர்த்தியது.

எழுதாமல் பேசுவது

எழுத்தை விட்டுவிட்டு வாய்ப்பேச்சாகவே மீள்நோக்கும் மரபு ஒன்று இதற்கெல்லாம் முன்பே இருந்தது. ஹங்கேரியில் பிறந்து லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் வேலை பார்த்த மனநல மருத்துவர் மைக்கேல் பாலிண்ட், 1950-களில் குடும்ப மருத்துவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார். ஒருவர் தன்னை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு எதுவும் பார்க்காமல் சொல்வார். பிறகு குழு பேசும். இன்று பல பாலிண்ட் குழுக்களில், சொன்னவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டு, வாயைத் திறக்காமல், மற்றவர்கள் அந்த நோயாளியாகவும் அந்த மருத்துவராகவும் நின்று யோசிப்பதைக் கேட்பார். தன்னைத் தற்காத்துக்கொள்ள வாய்ப்பில்லாமல் கேட்பது எவ்வளவு கடினம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று பாஸ்டனில் பிறந்தது. கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவத்துறை வழக்கறிஞருக்கு 1994-ல், நாற்பது வயதில், நுரையீரல் புற்றுநோய். மறு ஆண்டு ஜூலையில் அவர் பாஸ்டன் குளோப் இதழில் தன் அனுபவத்தை எழுதினார். அதில் ஒரு செவிலியர் வருகிறார். அறுவைக்கு முந்தைய விசாரிப்பில் முதலில் விட்டேற்றியாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர், இவர் தன் நோயைச் சொன்னதும் இளகிக் கையைப் பிடித்துக்கொள்கிறார். இவருடைய இரண்டு வயது மகனின் பெயரும் அந்தச் செவிலியரின் உடன்பிறந்தவர் மகன் ஒருவனின் பெயரும் ஒன்றே என்று பேச்சு போகிறது. மறுநாள் தனக்கு வேலையே இல்லாத அறுவைத் தளத்துக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போகிறார். ஷ்வார்ட்ஸ் அந்த செப்டம்பரில் இறந்தார். அவர் விருப்பப்படி தொடங்கிய மையம் 1997-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸை ஆரம்பித்தது. மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், வரவேற்பில் இருப்பவர், சுமை தூக்குபவர் எல்லோரும் ஒரே அறையில். மூன்று நான்கு பேர் ஒரு நிகழ்வைத் தங்கள் பக்கத்திலிருந்து சொல்வார்கள். தீர்வு சொல்லக்கூடாது, பழி போடக்கூடாது, சொன்னது அறையைத் தாண்டக்கூடாது. 2009-ல் இங்கிலாந்துக்கு வந்தது.

2018-ல் வெளியான இங்கிலாந்து மதிப்பீடு ஒன்றில், தொடர்ந்து கலந்துகொண்டவர்களிடையே மன உளைச்சல் உள்ளவர்களின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 12-ஆகக் குறைந்தது. வராதவர்களிடம் பெரிய மாற்றமில்லை. நல்ல செய்திதான். ஆனால் அளந்தது மன உளைச்சலை. நாலரை மணிக்கு ஒருவர் சரியாகப் பேசுவாரா என்பதை அல்ல. மீள்நோக்குப் பற்றி 2009-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றும், அது நோயாளி கவனிப்பை நேரடியாக மேம்படுத்துகிறது என்பதற்கான ஆதாரம் மெலிந்ததே என்றுதான் சொன்னது. பேச்சுத்திறனுக்கு நடித்துப் பார்ப்பது, பக்கத்தில் ஒருவர் கவனித்துக் கருத்துச் சொல்வது, மறுபடி செய்வது ஆகியவற்றுக்கு ஆதாரம் வலுவானது. ஆகவே என் முடிவு: மீள்நோக்கு தனியாக நிற்கும் மருந்தல்ல. எந்த வாக்கியத்தை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்துத் தருவதுதான் அதன் வேலை. கண்டுபிடித்த பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பழகாவிட்டால் அது குறிப்பேட்டிலேயே கிடக்கும்.

நம் கல்லூரிகளில்

இந்தியாவில் 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து புதிய பாடத்திட்டம் வந்தது. அதோடு ஏட்காம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனப்பாங்கு, நெறி, பேச்சுத்திறன் பாடமும் கட்டாயமானது. மாணவர்கள் லாக் புக்கில் மீள்நோக்கு எழுத வேண்டும், ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பேட்சில் நூற்றைம்பது, இருநூற்றைம்பது பேர். கையெழுத்துப் போடும் ஆசிரியருக்கு அதே நாளில் ஓ.பி.யும் உண்டு. சீனியர் லாக் புக்கிலிருந்து பார்த்தெழுதிய அதே மூன்று வரி, பேனா நிறம் மட்டும் மாறி வருவது எல்லோருக்கும் தெரியும். யாரும் தப்புச் செய்யவில்லை. மதிப்பெண்ணுக்காகக் கேட்டால் மதிப்பெண்ணுக்கான பதில்தான் வரும்.

இதில் எனக்குச் சாத்தியமாகத் தெரிவது சிறிய மாற்றம். லாக் புக்கில் எழுதுவதை இரண்டு வரிக்குச் சுருக்கிவிடலாம்: அடுத்த முறை நான் சொல்லப்போகும் வாக்கியம், யாரிடம். நிகழ்வு, நோயாளி, யார் செய்த தவறு எதுவும் அதில் வேண்டாம். மீதியை எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவில் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். குழுவை நடத்துபவர் அந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கக்கூடாது. வேறு துறை ஆசிரியரோ, அனுபவமுள்ள நர்சிங் சூப்பரின்டெண்டோ நடத்தலாம். வார்டில் இருபது வருடம் நின்ற சிஸ்டருக்குத் தெரிந்த அளவுக்கு டாக்டர்களின் பேச்சைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. அவர்களை இந்த வகுப்புகளுக்கு நாம் அழைப்பதே இல்லை.

லெஸ்டர் நிகழ்வை வகுப்பில் வைக்க நினைப்பவர்கள் நாலரை மணி ஹேண்ட்ஓவரில் நிறுத்திக்கொள்ளலாம். மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் பாவா-கார்பாவின் இடத்தில் ரெஜிஸ்ட்ரார், ஒருவர் கன்சல்டன்ட். ரெஜிஸ்ட்ராராக இருப்பவருக்கு அந்த இரண்டு எண்களும், காலையைவிடக் குழந்தை தேறியிருக்கிறான் என்ற தகவலும் மட்டும் கொடுங்கள். முதல் சுற்றில் எண்களைச் சொல்லிப் பார்க்கட்டும், இரண்டாவதில் வேண்டுகோளோடு சொல்லட்டும். மூன்றாவது சுற்றில் ரெஜிஸ்ட்ரார் முதல் சுற்றில் சொன்னதையே தயங்கித் தயங்கிச் சொல்லட்டும். இம்முறை கன்சல்டன்ட்தான் கேள்வி கேட்டு அந்த வேண்டுகோளை வெளியே கொண்டுவர வேண்டும். இந்த மூன்றாவது சுற்றுக்குத் துறைத் தலைவர்களையும் உட்கார வைக்க முடிந்தால், அவர்கள் கன்சல்டன்ட் நாற்காலியில் உட்காரட்டும்.